பப்ளிஷர் ஒப்பந்தத்தில் பேட்டன்ட் பொறுப்பு: கையெழுத்துப் போடலாமா?

பிக்ஸல்பாண்டி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கணினி கேம் செய்துகொண்டிருக்கிறோம். கடலோரக் கிராமம், அதில் ஒரு பெண். வீச்சு வலையை வீசிக் கடல் பூதங்களைப் பிடிக்கிறாள், பிடிபட்ட பூதம் அப்புறம் அவளுக்காகச் சண்டை போடும். கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் டெமோ போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு வெளிநாட்டு பப்ளிஷர் பேச வந்தார்கள். முன்பணம் தருகிறார்கள், மார்க்கெட்டிங்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வரும்வரை.

அங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எங்கள் கேம் உலகில் எவருடைய பேட்டன்டையும் மீறவில்லை என்று நாங்கள் உறுதி தர வேண்டும். யாராவது வழக்குப் போட்டால் பப்ளிஷருக்கு ஆகும் வக்கீல் செலவு, நஷ்ட ஈடு எல்லாவற்றையும் நாங்களே ஏற்க வேண்டும். உச்சவரம்பு எதுவும் இல்லை. நாங்கள் கூட்டாண்மை நிறுவனம், பெரிய முதலீடு கிடையாது. இது வழக்கமாக எல்லோரும் போடும் ஷரத்துதானா? பயப்பட வேண்டுமா?

ஓடி_துறைமுகம்

தம்பி, கவலையே வேண்டாம். இந்தியப் பேட்டன்ட் சட்டம் 1970, பிரிவு 3(எம்) என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆட்டம் ஆடும் முறைக்குப் பேட்டன்ட் கிடையாது. அதே பிரிவில் 3(கே) கணினி நிரலை அப்படியே பேட்டன்ட் செய்ய முடியாது என்கிறது. அப்புறம் எங்கள் ஊரில் வீச்சு வலை வீசாத வீடு உண்டா? தேவனாம்பட்டினத்து ஆள் மேல் ஜப்பான்காரன் கேஸ் போடுவானா? கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

காலாப்பட்டு_கோடர்

அண்ணே, வலை வீசிப் பிடித்துச் சண்டைக்கு விடுவது என்றால் எனக்குப் பால்வேர்ல்ட் கேம்தான் ஞாபகம் வருகிறது. ஜப்பான் கேம் கம்பெனி நிண்டெண்டோ அவர்கள் மேல் வழக்குப் போட்டதே இதற்குத்தானே?

வில்லியனூர்_விண்ணப்பம்

பேட்டன்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இதை வக்கீல் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஓடி அண்ணன் சொன்ன இரண்டு பிரிவுகளும் உண்மைதான். ஆனால் பேட்டன்ட் என்பது நாட்டுக்கு நாடு தனி. புதுச்சேரியில் இருந்து விண்ணப்பித்தால் அது சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகும், கிடைக்கும் உரிமை இந்தியாவுக்குள் மட்டும். அதே போல அமெரிக்கப் பேட்டன்ட் அமெரிக்காவில் மட்டும், ஜப்பான் பேட்டன்ட் ஜப்பானில் மட்டும் செல்லும். நீங்கள் எங்கே உட்கார்ந்து கோட் எழுதினீர்கள் என்பதை அந்த நாட்டுச் சட்டம் பார்ப்பதில்லை, எங்கே விற்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். ஸ்டீமில் அமெரிக்காவுக்கு விற்பனையைத் திறந்துவிட்டால் அமெரிக்கப் பேட்டன்டுகள் உங்களுக்குப் பொருந்தும். வாங்குகிறவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டார் என்றால் 3(எம்) உங்களுக்குக் குடை பிடிக்காது.

வலை விஷயம். கடலில் மனிதர் வலை வீசுவதைக் காட்டி ஒரு கேம் பேட்டன்டை உடைக்க முடியாது. பேட்டன்டின் உயிர் அதன் கோரிக்கைகளில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதும் வரிகளில் இருக்கிறது. குறி வைப்பதற்கு ஒரு பொத்தான், பிடிக்கும் பொருளா சண்டைக்கு விடும் பாத்திரமா என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி, பிடிபடும் வாய்ப்பைத் திரையில் காட்டுவது என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்கில் இருப்பது முழுவதும் உங்கள் கேமில் இருந்தால்தான் மீறல், ஒன்று குறைந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதே அடுக்கு அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்னால் வந்த வேறொரு கேமில் முழுவதுமாக இருந்தால் பேட்டன்டே செல்லாது. அடுக்கில் முக்கால்வாசி பழையது, மீதியும் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது என்று காட்ட முடிந்தாலும் வாதாடலாம்.

மஞ்சக்குப்பம்73

நான் கேம் ஆடுகிறவன் இல்லை, ஷேர் பார்க்கிறவன். கேம் கம்பெனிகளின் ஆண்டறிக்கையை எடுத்தால் முதலில் 'சட்ட நடவடிக்கைகள்' பகுதிக்குத்தான் போவேன். அமெரிக்கக் கம்பெனி எதுவானாலும் 'எங்கள் மேல் பேட்டன்ட் வழக்கு வரலாம்' என்று ஒரு பாரா இருக்கும், வருடா வருடம் அதே பாரா. அதைப் படித்துப் பயந்தால் எந்த ஷேரும் வாங்க முடியாது. யாருக்கு வலித்தது, எவ்வளவு வலித்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கோலோப்ல் என்று ஒரு ஜப்பான் மொபைல் கேம் கம்பெனி. தொடுதிரையில் விரலை இழுத்துப் பாத்திரத்தை நகர்த்துவது உட்படச் சில பேட்டன்டுகளைக் காட்டி 2017 டிசம்பரில் நிண்டெண்டோ வழக்குப் போட்டது. முதலில் கேட்டது 440 கோடி யென். வழக்கு இழுக்க இழுக்க அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். நடுவில் கோலோப்ல் தன் கேமின் கட்டுப்பாட்டு முறையையே மாற்றியும் பார்த்தது. கடைசியில் 2021 ஆகஸ்ட்டில் 330 கோடி யென் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். அப்படி ஒரு தொகை கணக்கில் ஏறினால் அந்தக் காலாண்டு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கேம் ஆடும் கைக்கருவியான கன்ட்ரோலர் அதிர்வதற்கான தொழில்நுட்பத்துக்கு இமர்ஷன் என்ற கம்பெனி 2002ல் சோனி, மைக்ரோசாஃப்ட் இருவர் மேலும் வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்ட் 2003ல் 2.6 கோடி டாலரோடு முடித்துக்கொண்டது. சோனி எதிர்த்து நின்றது, 2004ல் ஜூரி 8.2 கோடி டாலர் என்றது, மேல்முறையீடு என்று ஓடி 2007ல் மொத்தம் 15 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். இடையில் 2006ல் வந்த பிளேஸ்டேஷன் 3 கன்ட்ரோலர் அதிரவே இல்லை. அசைவு உணரும் கருவியோடு ஒத்துப்போகவில்லை என்று சோனி காரணம் சொன்னது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஓடி_துறைமுகம்

சோனி எல்லாம் கொடுப்பான் அண்ணே, அவனிடம் இருக்கிறது. இந்தப் பசங்களிடம் என்ன இருக்கிறது என்று கேஸ் போடப் போகிறார்கள்? நான் கேட்டது அதுதான்.

காலாப்பட்டு_கோடர்

பால்வேர்ல்ட் கேஸில் கேட்ட பணம் ரொம்பச் சின்னது என்று படித்தேன். அது ஏன்?

மஞ்சக்குப்பம்73

தம்பி நல்ல கேள்வி கேட்டார். 2024 ஜனவரி 19ல் பால்வேர்ல்ட் வந்தது. ஒரே மாதத்தில் ஸ்டீமில் ஒன்றரைக் கோடிப் பிரதிகள், எக்ஸ்பாக்ஸில் ஒரு கோடிப் பேர். செப்டம்பரில் நிண்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கேட்டது ஆளுக்கு 50 லட்சம் யென், ஆக ஒரு கோடி யென், அதற்குத் தாமத வட்டி. நம் ரூபாயில் அறுபது லட்சம் வாக்கில் வரும், இந்த ஊரில் ஒரு நல்ல ஃபிளாட் விலை. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிண்டெண்டோவின் நிகர லாபம் 49,000 கோடி யென். அவர்களுக்கு இந்த ஒரு கோடி ஒரு பணமா? அவர்கள் குறி வைத்தது தடையுத்தரவு. அதையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள்.

வில்லியனூர்_விண்ணப்பம்

தொழில்காரர்கள் பார்வையில் அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது தேதிகள். காட்டிய மூன்று பேட்டன்டுகளும் பால்வேர்ல்ட் வெளிவந்த பிறகு பதிவானவை. அப்படியென்றால் எப்படி வழக்குப் போட முடியும் என்று பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அவை 2021 டிசம்பரில் போட்ட தாய் விண்ணப்பத்திலிருந்து பிரித்து எடுத்தவை, ஆகவே தேதி 2021க்குப் பின்னோக்கிப் போய்விடும். தாய் விண்ணப்பத்தில் விரிவாக எழுதி வைத்துக்கொண்டு, சந்தையில் போட்டியாளர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்குத் தோதாகக் கோரிக்கைகளை வெட்டித் தைப்பது. சட்டப்படி தவறில்லை. எனக்குப் பிடிக்காது, ஆனால் கட்சிக்காரர் கேட்டால் நானும் அதைத்தான் செய்து கொடுப்பேன்.

பால்வேர்ல்டைச் செய்த போக்கெட்பேர் கம்பெனி என்ன செய்தது பாருங்கள். வழக்கு நடக்கும்போதே 2024 நவம்பரில் கோளத்தை எறிந்து 'பால்' என்ற பூதங்களை வரவழைப்பதை எடுத்துவிட்டார்கள், பக்கத்தில் தோன்றும்படி மாற்றினார்கள். 2025 மே மாதம் பால்களைப் பிடித்துக்கொண்டு மிதப்பதை எடுத்துவிட்டு, ஒரு கிளைடர் சாதனத்தைக் கொடுத்தார்கள். விளையாடுகிறவர்கள் திட்டினார்கள். ஆனால் கேம் தொடர்ந்து விற்பனையில் இருந்தது.

அந்தப் பேட்டன்டுகளும் அசைக்க முடியாத மலை இல்லை. அதே குடும்பத்து விண்ணப்பம் ஒன்றை ஜப்பான் அலுவலகம் 2025 அக்டோபரில் மறுப்புக் காரணம் எழுதித் திருப்பியது. முன்னால் வந்த கேம்கள் என்று காட்டியவற்றில் ஆர்க், மான்ஸ்டர் ஹன்டர் 4, போக்கெட்பேரின் சொந்தக் கேமான கிராஃப்டோபியா எல்லாம் இருந்தன. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் நிண்டெண்டோவுக்குக் கிடைத்த ஒரு பேட்டன்டை, நவம்பரில் அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகத் தலைவரே மறுபரிசீலனைக்கு அனுப்பினார்.

பிக்ஸல்பாண்டி

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது அக்கா. எங்கள் கேமில் குறி வைத்து எறிவது இருக்கிறது. பிடிபடும் வாய்ப்பை வலையின் நிறத்தில் காட்டுகிறோம். தூக்கிவிடட்டுமா?

சைக்கிள்_முத்தியால்பேட்டை

இதனால்தான் நான் சொல்வது, விளையாட்டு வடிவமைப்புக்குப் பேட்டன்டே இருக்கக் கூடாது. நாம்கோ 1995ல் லோடிங் திரையில் சின்ன கேம் வைப்பதற்குப் பேட்டன்ட் கேட்டு வாங்கியது. 2015 நவம்பரில் காலாவதி ஆனது. அந்த இருபது வருடம் நாம் எல்லோரும் சிடி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெறும் கோடு நகர்வதைப் பார்த்தோம். காலாவதி ஆனபோது கணினிகள் எல்லாம் வேகமாகிவிட்டன, லோடிங்கே குறைந்துவிட்டது. இதனால் யாருக்கு என்ன லாபம்?

வார்னர் பிரதர்ஸ் கதை இன்னும் மோசம். அவர்களுடைய ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமில் எதிரிகள் உங்களை நினைவு வைத்திருப்பார்கள், உங்களைக் கொன்றவன் பதவி உயர்வு பெறுவான். அந்த நெமெசிஸ் அமைப்புக்கு 2021 பிப்ரவரியில் அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது. அதைச் செய்த மோனோலித் ஸ்டூடியோவை 2025 பிப்ரவரியில் வார்னரே மூடிவிட்டது. செய்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பேட்டன்ட் மட்டும் 2036 வரை அலமாரியில் இருக்கும்.

மஞ்சக்குப்பம்73

முத்தியால்பேட்டை, உங்கள் கோபம் சரி. ஆனால் தராசில் இன்னொரு தட்டும் இருக்கிறது. டிவியில் ஆடும் கேமையே ரால்ஃப் பேயர் என்ற எஞ்சினியர் பேட்டன்ட் செய்தார். அந்த உரிமையை வைத்து மேக்னவாக்ஸ் கம்பெனி வழக்குப் போட்டு, 1976ல் அட்டாரி என்ற கேம் கம்பெனி பணம் கட்டி லைசென்ஸ் வாங்கியது. அதன் பிறகு அட்டாரி அழிந்தா போனது? கொடி கட்டிப் பறந்தது. லைசென்ஸ் கொடுத்தால் தொழில் நடக்கும், கொடுக்காமல் பூட்டி வைத்தால்தான் சிக்கல்.

சைக்கிள்_முத்தியால்பேட்டை

லைசென்ஸ் கட்டப் பணம் இருக்கிறவனுக்கு அது பொருந்தும் சார். லாஸ்பேட்டைக்குப் பொருந்தாது.

வில்லியனூர்_விண்ணப்பம்

உங்கள் சண்டையைத் தொடருங்கள், நான் பிக்ஸல்பாண்டிக்குப் பதில் சொல்கிறேன்.

தம்பி, இப்போதே எதையும் தூக்க வேண்டாம். ஓடி அண்ணன் 'இவர்களிடம் என்ன இருக்கிறது' என்று கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. உங்கள் மேல் அமெரிக்காவில் ஒருவர் வழக்குப் போட்டு, நீங்கள் போகாமல் இருந்து, தீர்ப்பும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தீர்ப்பை நேராக இங்கே கொண்டுவந்து உங்கள் வங்கிக் கணக்கை முடக்க முடியாது. நம் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 44ஏ சில நாடுகளின் தீர்ப்புகளை மட்டும் நம் தீர்ப்பு போலவே நிறைவேற்றும். அந்தப் பட்டியலில் பிரிட்டன், சிங்கப்பூர் உண்டு, அமெரிக்கா இல்லை. அவர்கள் இங்கே வந்து புதிதாக வழக்குப் போட வேண்டும், அதில், எந்த வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று சொல்லும் பிரிவு 13ஐ வைத்து நீங்கள் எதிர்வாதம் செய்யலாம். மூன்று பேர் கொண்ட ஸ்டூடியோவுக்காக யாரும் இவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டார்கள்.

ஆகவே உரிமையாளர் யாரைப் பிடிப்பார்? பணமும் முகவரியும் உள்ள பப்ளிஷரை, அல்லது விற்கும் கடையை. பப்ளிஷர் வக்கீலுக்குப் பணம் கட்டிவிட்டு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஷரத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவார். அவர் அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கூடப் போக வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் தகராறு எங்கே தீர்க்கப்படும் என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். சிங்கப்பூரிலோ லண்டனிலோ நடுவர் தீர்ப்பாயம் என்று இருந்தால், அந்த நடுவர் தீர்ப்பை, வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான நியூயார்க் உடன்பாட்டின்படி நம் 1996 நடுவர் சட்டம் ஏற்கும். அதை நிறைவேற்றச் சொல்லி நம் உயர் நீதிமன்றத்துக்கே வரலாம், மறுப்பதற்கான காரணங்களும் சொற்பம். நிண்டெண்டோ வழக்கு லாஸ்பேட்டைக்கு நேரடியாக வர வழி குறைவு. அதை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருவது நீங்கள் போடும் கையெழுத்துத்தான்.

இதில் கூட்டாண்மை நிறுவனம் வேறு. கூட்டாண்மையில் பொறுப்புக்கு எல்லை கிடையாது, அப்பா கட்டிய வீடு உங்கள் பேரில் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். கையெழுத்துக்கு முன்னால் பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி (பொறுப்புக்கு எல்லை உள்ள கூட்டாண்மை) ஆக்கிவிடுங்கள். தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஓடி_துறைமுகம்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. சரி, கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொன்னதைத் தம்பி கேட்காமல் இருந்தது நல்லது.

காலாப்பட்டு_கோடர்

பேட்டன்ட் வாங்கி வைத்துக்கொண்டு கேமே செய்யாமல் வழக்கு மட்டும் போடுகிறார்களே, அவர்களிடம் மாட்டினால்?

மஞ்சக்குப்பம்73

அவர்கள் பெரிய மீனைத்தான் தேடுவார்கள். டெக்சாஸில் அனாஸ்கேப் என்ற கம்பெனி கன்ட்ரோலருக்காக நிண்டெண்டோவிடம் 2008ல் 2.1 கோடி டாலர் ஜூரி தீர்ப்பு வாங்கியது, 2010ல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஐலைஃப் என்ற கம்பெனி நிண்டெண்டோவின் வீ கன்ட்ரோலருக்காக 2017ல் ஒரு கோடி டாலர் வாங்கியது. பேட்டன்டே செல்லாது என்று 2020ல் நீதிபதி சொல்லிவிட்டார். தலைப்புச் செய்தியில் வரும் தொகையை நம்பி ஷேரை விற்றுவிட்டு ஓடியவர்கள் எல்லாம் அப்புறம் வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்த வெற்றிக்கும் வருடக்கணக்கில் வக்கீல் ஃபீஸ் கட்டியாக வேண்டும். அமெரிக்காவில் அது மில்லியன் டாலர் கணக்கில் போகும், ஜெயித்தாலும் பெரும்பாலும் திரும்ப வராது. சின்ன ஆளுக்கு அதுதான் தண்டனை.

காலாப்பட்டு_கோடர்

அப்போது நாமே இந்தியாவில் ஒரு பேட்டன்ட் போட்டு வைத்துக்கொண்டால் பாதுகாப்பு இல்லையா அக்கா? ஸ்டார்ட்அப்புக்குக் கட்டணம் குறைவு என்கிறார்கள்.

வில்லியனூர்_விண்ணப்பம்

விண்ணப்பக் கட்டணம் குறைவுதான், ஆன்லைனில் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் 1,600 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 8,000. எழுதிக் கொடுப்பவருக்கு ஆகும் செலவு அதைப் போலப் பல மடங்கு. கேம் விதியை எழுதினால் 3(எம்) தடுக்கும், வெறும் நிரல் என்றால் 3(கே). தொழில்நுட்ப விளைவு ஒன்று இருந்தால் வழி உண்டு, டெல்லி உயர் நீதிமன்றம் 2019ல் ஃபெரிட் அல்லானி வழக்கில் அப்படித்தான் சொன்னது. உதாரணமாக, நெட்வொர்க் தாமதத்தைக் குறைக்கும் முறை போன்றவை. பூதம் பிடிப்பது தேறாது. அப்புறம் ஒன்று, உங்கள் பேட்டன்ட் மற்றவரைத் தடுக்கும், மற்றவர் உங்களைத் தடுப்பதை அது தடுக்காது. அந்தப் பணத்தைக் கேமின் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு செய்வதில் போடுங்கள்.

பிக்ஸல்பாண்டி

நன்றி அக்கா, நன்றி அண்ணன்களே. ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் நடுவர்தான் இருக்கிறது, நீங்கள் சொன்னது அப்படியே. கம்பெனியைப் பிரைவேட் லிமிடெட் ஆக மாற்ற ஆடிட்டரிடம் சொல்லிவிட்டோம். பப்ளிஷருக்குத் திருத்தம் அனுப்பினோம். 'எங்களுக்குத் தெரிந்தவரை மீறல் இல்லை' என்று மாற்றக் கேட்டோம். பொறுப்பு, நாங்கள் அவர்களிடமிருந்து வாங்கிய தொகைக்கு மேல் போகக் கூடாது என்றோம். அவர்கள் சொல்லிச் சேர்த்த அம்சத்தால் வழக்கு வந்தால் அது அவர்கள் தலையில் என்றும் கேட்டோம்.

உச்சவரம்பை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதையும் ஏற்றுக்கொண்டார்கள். 'தெரிந்தவரை' என்பதைப் பதிப்புரிமைக்குத் தர மாட்டோம், பேட்டன்டுக்கு மட்டும் தருகிறோம் என்றார்கள்.

வில்லியனூர்_விண்ணப்பம்

அது நியாயமான பேரம். படத்தையும் இசையையும் காப்பியடித்தீர்களா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு முழு உறுதி கொடுக்கலாம். உலகத்தில் உள்ள பேட்டன்டை எல்லாம் எவராலும் படிக்க முடியாது.

இன்னும் இரண்டு இடம் பாருங்கள். வழக்கு வந்தால் சமாதானம் பேசும் அதிகாரம் யாருக்கு? அவர்கள் உங்கள் பணத்தில் தாராளமாகச் சமாதானம் ஆகிவிடக் கூடாது, உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்று போடுங்கள். கேமை மாற்றிக்கொடுத்து மீறலை நீக்கும் உரிமை முதலில் உங்களுக்கு இருக்க வேண்டும், போக்கெட்பேர் செய்தது போல. அதற்குத் தோதாக எறிவது, வரவழைப்பது, வாய்ப்பைக் காட்டுவது மூன்றையும் கோடில் தனித்தனியாக வையுங்கள், ஒன்றைக் கழற்றினால் மற்றது விழக் கூடாது. கோட் மாற்றங்களைக் காட்டும் கிட் பதிவுகளையும் பழைய டெமோ வீடியோக்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். டிஸ்கார்ட் அரட்டையில் 'அந்தக் கேமில் இருப்பதை அப்படியே போட்டுவிடலாம்' என்று யாரும் எழுத வேண்டாம். அமெரிக்க வழக்கு என்றால் அதையெல்லாம் கேட்டு வாங்குவார்கள்.

பிக்ஸல்பாண்டி

டிஸ்கார்ட் விஷயத்தில் ஒருவன் முழிக்கிறான். மற்றதை எழுதி அனுப்புகிறேன்.

மஞ்சக்குப்பம்73

எழுதும்போதே இதையும் கேளுங்கள் தம்பி. வழக்கு நோட்டீஸ் வந்த அன்றே உங்கள் ராயல்டி முழுவதையும் நிறுத்தி வைக்கலாம் என்று எங்காவது ஒரு வரி இருக்கும். எவ்வளவு தொகை வரை, எத்தனை மாதம் வரை என்று அதில் இல்லையென்றால், உச்சவரம்பு வாங்கியும் பிரயோசனமில்லை. வழக்கு முடியும்வரை சம்பளம் கொடுக்கப் பணம் வராது.

வில்லியனூர்_விண்ணப்பம்

ஆமாம், பெரும்பாலும் கணக்கு வழக்குப் பகுதியில் இருக்கும், இழப்பீட்டுப் பகுதியில் தேடினால் கிடைக்காது. ராயல்டி அறிக்கை பற்றிய பத்தியின் கடைசி வரியைப் பாருங்கள்.